பீலித் தண்ணியில் செய்த பிஸ்கட் புடிங்

இதை எழுத உட்கார்ந்து, பிள்ளையார் சுழி போட்டு, அதற்கு மேல் பேனா ஓடாமல் எழுந்து போன நாட்கள் நிறைய. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. யாரைப் பற்றியாவது மனதில் இளக்காரம் வைத்துக்கொண்டு சாமி விளக்கை ஏற்றினால் அந்த விளக்குக்கே ஆகாது என்று நம்புகிறவள் நான். அதனால் ஒரு குடும்பத்தின் மேல் எனக்கு இருந்த இளக்காரம் முதலில் வடியட்டும், வடிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். கதிர்காமத்துக்குப் போய் மாணிக்க கங்கையில் முங்கி எழுந்தும் பார்த்தேன். உடம்பு குளிர்ந்தது. இது குளிரவில்லை. சரி, இதோடுதான் எழுத வேண்டும் என்றால் இதோடேயே எழுதுகிறேன். முருகன் என்னைப் பொறுத்துக்கொள்வான். இந்த விஷயத்தில் அவன் பெயரையும் இழுத்துத் தெருவில் போட்டிருக்கிறார்கள்.

நான் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு முதுகில் கொழுந்துக் கூடை. இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் தோட்டத்துப் பாக்டரியில் இலை வாட்டும் பகுதியில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் படித்து, அரசாங்க நியமனம் வாங்கியவள். இந்த அரசாங்க நியமனம்தான் பதுளை டவுன் வரைக்கும் மணத்துப் போய், ஒரு குடும்பத்தை எங்கள் வாசலுக்கு இழுத்து வந்தது.

அதற்கு முன்னால் இந்தப் பிஸ்கட் புடிங் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இப்போது பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, புது வீடு குடிபோவது எதுவானாலும் இது இல்லாமல் முடியாது. மாரி பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஒரு தட்டில் வரிசையாக அடுக்க வேண்டும். பட்டரையும் ஐசிங் சீனியையும் கொக்கோவையும் போட்டு அடித்த கலவையை அதன் மேல் பூச வேண்டும். திரும்ப பிஸ்கட், திரும்பப் பூச்சு. தட்டு நிறைந்ததும் மேலே கஜுவை, அதாவது முந்திரிப் பருப்பை, உடைத்துத் தூவி பிரிட்ஜில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. சுவர் கட்டுகிற மேசன் செய்வதும் இதுதான். அவர் செங்கல் வைத்துச் சாந்து பூசுகிறார், நாம் பிஸ்கட் வைத்துச் சாக்லேட் பூசுகிறோம். யூடியூப்பில் ஒரு பெண், விரல் எல்லாம் மோதிரத்தோடு, இதை ஏதோ தவம் செய்து கண்டுபிடித்த மாதிரி அரை மணி நேரம் பேசிக் காட்டுகிறாள். பிஸ்கட்டைப் பாலில் போட்டால் ஊறும் என்று சொல்ல ஒரு ஆள்! நிறைய நேரம் போட்டுவைத்தால் கரைந்து கூழாகிவிடும், முக்கியவுடன் எடுக்க வேண்டும். இது ஒன்றுதான் அதில் தெரிந்துகொள்ள வேண்டியது. அதைக் கடைசி வரை அவள் சொல்லவில்லை.

என் மகள் இதை நன்றாகச் செய்வாள். எங்கள் வீட்டில் பெட்டிப் பால் வாங்குகிற பழக்கம் கிடையாது. பால்மாவைச் சுடுதண்ணியில் கரைத்து ஆறவைத்து அதில்தான் நனைப்பாள். தண்ணி என்றால் எங்களுக்குப் பீலித் தண்ணி. மலையிலிருந்து ஊற்று வந்து குழாய் வழியாக லயத்துக்குப் பின்னால் விழுகிற இடத்தைத்தான் பீலி என்போம். குடிப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாம் அதில்தான். தோட்டத்து மாரியம்மனுக்கு அபிஷேகத்துக்குக் குடம் எடுப்பதும் அதே பீலியில்தான். இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தரகர் ஒரு திரீவீலில் வந்து இறங்கினார். பசறைக்காரர். என் அப்பா வழியில் தூரத்துச் சொந்தம், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். உட்காரும்போதே பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"தங்கச்சி, டவுன்ல துணிக்கடை வச்சிருக்கிற குடும்பம். ஒரே மகன். நம்ம புள்ளைக்கு கவர்மெண்ட் உத்தியோகம்னு சொன்னேன் பாரு, அந்தம்மா தொறந்த வாய மூடவே இல்ல."

"தொறந்த வாயில போட என்ன செய்யட்டும் அண்ணே? உளுந்து வடை சுடவா? கேசரி கிண்டவா?"

"ஐயய்யோ, அடுப்பே மூட்டாத." இரண்டு கையையும் ஆட்டினார். "அவங்க இந்தக் காலத்து ஆளுங்க. எண்ணெய்ப் பலகாரமெல்லாம் தொட மாட்டாங்க. பேசாம பிஸ்கட் புடிங் ஒண்ணு செஞ்சு வச்சிரு. பெட்டிப் பால்ல செய்யி, பால்மா கரைக்காத. தட்டு ஒண்ணு புதுசா வாங்கிக்க. குடிக்க சோடா வை. மூடிய அவங்க வந்த பொறகு, அவங்க முன்னாடி தொற. பழம் சீப்பா வை, உரிச்சு வைக்காத."

"வாழைப்பழத்த உரிச்சு வச்சு யாரு அண்ணே குடுப்பா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. டவுன் ஆட்களின் நாகரிகம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் மகள் புடிங் செய்ய உட்கார்ந்தாள். பசறையிலிருந்து வாங்கி வந்த சாமான்களை மேசையில் பரப்பினாள். பிஸ்கட் பாக்கெட், பட்டர், ஐசிங் சீனி, கொக்கோ, பெட்டிப் பால், அட்டைப்பெட்டிக்குள் புதுக் கண்ணாடித் தட்டு. கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"அம்மா, இதுல நம்ம வீட்டுது என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

நானும் பார்த்தேன். "ஏன், உன் கை இருக்கே."

"ஆமா. அதுக்கு ஒரு உறை வாங்கி மாட்டுன்னு சொல்ல மறந்துட்டாரு உங்க அண்ணன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுப்பு மூட்டக் கூடாது. தண்ணி சேரக் கூடாது. எங்கள் வீட்டுத் தட்டில் வைக்கக் கூடாது. சோடா மூடி அவர்கள் கண் முன்னால் திறக்க வேண்டும். பழம் தோலோடு இருக்க வேண்டும். நான் கொழுந்தெடுத்த காலத்தில், டவுனில் சில வீடுகளுக்கு வேலைக்குப் போய்வந்த பெண்கள் மலையில் பேசிக்கொள்வார்கள்: அந்த வீட்டு ஆட்கள் தோட்டத்துக்கு வந்தால் சோடாவும் பழமும் மட்டும்தான் வாயில் வைப்பார்கள், நம் தண்ணி பட்டது எதையும் தொட மாட்டார்கள் என்று. அதெல்லாம் செத்துப் போன கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாகவில்லை. காலத்துக்கு ஏற்ற மாதிரி வளர்ந்து, சோடாவிலிருந்து பிஸ்கட் புடிங் வரைக்கும் வந்திருக்கிறது. அடுப்பும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம், பாக்கெட்டைப் பிரித்து அடுக்கினால் போதும் என்கிற பலகாரம் தீட்டுப் பார்க்கிறவர்களுக்கென்றே பிறந்த பலகாரமாக அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது.

வீட்டுக்காரர் வாசல் பக்கம் நின்றபடியே சொன்னார். "சும்மா அதையே பேசிக்கிட்டு இருக்காதீங்க. புள்ளைக்கு வயசு ஏறுது. கல்யாணம்னு ஒண்ணு ஆயிட்டா இதெல்லாம் தானா போயிரும்."

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்பா, நான் அந்த வீட்டு மருமகளாப் போறேன்னு வைங்க. நீங்க என்னப் பாக்க வாறீங்க. உங்களுக்கு எந்தக் கிளாஸ்ல டீ குடுப்பேன்?"

அவர் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் போய்ப் பெட்டிப் பாலை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். பால்மா டின்னை இறக்கினேன். பீலியில் ஒரு கேத்தல் தண்ணி பிடித்து வந்து அடுப்பை மூட்டிக் கொதிக்க வைத்தேன். "எப்பவும் எப்பிடிச் செய்வியோ அப்பிடியே செய்யி. கேட்டா மறைக்கப் போறதில்ல. இதத்தான் நாம சாப்பிடுறோம், இதத்தான் குடுக்கிறோம்" என்றேன்.

"தட்டு?"

"நம்ம எவர்சில்வர் தட்டு."

மகள் பிஸ்கட்டை முக்கி முக்கி அடுக்கத் தொடங்கினாள். பாதி தட்டு நிறைந்ததும் கையை நிறுத்தி, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள். "ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. அவங்க இதச் சாப்பிட்டா நான் சரின்னு சொல்றேன். அப்பா ஆசைப்படுற மாதிரியே ஆகட்டும். சாப்பிடலன்னா அதுக்கப்புறம் யாரும் என்னக் கெஞ்சக் கூடாது."

அவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். கஜுவை அள்ளித் தூவாமல், ஒவ்வொன்றாக இடம் பார்த்துப் பார்த்து வைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கும் அந்தப் பையனைப் பிடித்திருந்தது. போட்டோவைப் பார்த்திருந்தாள். இரண்டு மூன்று தடவை போனில் பேசியும் இருந்தார்கள். தனக்குப் பிஸ்கட் புடிங் என்றால் உயிர் என்று அவனே சொன்னானாம். நான் சாமி மாடத்தின் முன்னால் போய் நின்று, முருகா, இந்த ஆட்கள் நல்ல ஆட்களாக இருக்க வேண்டும், தரகர்தான் முட்டாளாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. எங்கள் பாதையில் வேன் ஏறுவதே பெரிய காரியம், கடைசி வளைவில் நின்று முனகிவிட்டுத்தான் வரும். பையன், அவன் அம்மா, அப்பா, அக்கா என்று நான்கு பேர். தரகர் முன் சீட்டில் இருந்து ஏதோ தன் வேன் மாதிரி இறங்கினார். பையனின் அம்மா பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் வாசலில் சேறு இருந்ததோ இல்லையோ, சேற்றில் நடப்பது மாதிரியே நடந்து வந்தார். அக்காக்காரி உள்ளே வந்ததும் சுவரையும் கூரையையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கண்ணாலேயே கூட்டித் துடைத்தாள் என்று சொல்லலாம்.

சோடாவை அவர்கள் முன்னால்தான் திறந்தோம். நான்கு பேரும் போத்தலிலேயே குடித்தார்கள். நான் கிளாஸ் கொண்டு வந்து வைத்தேன், யாரும் தொடவில்லை. பையனின் அப்பா ஒரு பழத்தை உரித்துத் தின்றார். அவர் அந்த வீட்டில் வாய் திறப்பதே தின்பதற்கு மட்டும்தான் போலிருந்தது.

மகள் வந்து கும்பிட்டாள். பேச்செல்லாம் அவளுடைய வேலையைப் பற்றித்தான். பதுளைக்கு மாற்றம் எடுக்க முடியுமா, எப்போது எடுக்கலாம், பென்ஷன் உண்டா. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பையன் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மகள் பார்க்கும்போது மட்டும் சிரித்தான். அவன் அம்மா திரும்பினால் அந்தச் சிரிப்பு உடனே அணைந்துவிடும்.

அப்புறம் புடிங் வந்தது. அந்த எவர்சில்வர் தட்டைப் பார்த்ததும் தரகருக்கு முகம் வெளுத்தது. அக்காக்காரி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"அழகா இருக்கே. பெட்டிப் பால்லதானே செஞ்சது?"

"இல்லீங்க," என்றேன். "பால்மா. எங்க பீலித் தண்ணியில கரைச்சது."

"பீலின்னா?"

"அந்தா பின்னால விழுதுங்களே, அதுதான். நல்ல ஊத்துத் தண்ணி. அம்மன் அபிஷேகமும் அதிலதான்."

தரகர் இருமினார். நன்றாக நீளமாக இருமினார்.

"நாங்க இன்னைக்கு சஷ்டி விரதம்ங்க," என்றார் பையனின் அம்மா.

"கார்த்திகை விரதம்," என்றாள் அக்காக்காரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பையனின் அப்பா அடுத்த பழத்தில் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். மென்றதை விழுங்குவதா வேண்டாமா என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

நான் நாற்பது வருஷமாக விரதம் இருக்கிறவள். விரதம் இருப்பதற்கு ஒரு முகம் உண்டு. பசி தெரியும், அதோடு ஒரு அமைதியும் தெரியும். இவர்கள் முகத்தில் பதுளை பேக்கரிதான் தெரிந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து கும்பிட்டு அனுப்பியிருப்பேன். சீனி வியாதி என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன். எங்கள் தண்ணியைத் தொடக் கூசுகிறவர்கள் அதை மூடி மறைக்க என் முருகனைக் கூப்பிட்டார்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் அவர்கள் என் மனதில் இருந்து இறங்கிப் போனார்கள். இன்று வரைக்கும் ஏறவில்லை.

ஆனாலும் என் மகள் கஜுவை ஒவ்வொன்றாக வைத்தது ஞாபகம் வந்தது. கடைசியாக ஒரு வழி விட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர்களை மடக்க வேண்டும் என்று செய்யவில்லை.

"விரதம்னா பரவாயில்லீங்க. இது முட்டை சேராத பலகாரம். சாமிக்கு வச்சுக் குடுக்கிறேன். பிரசாதம்னா விரதக்காரங்களும் தொடலாம்தானே."

தட்டை எடுத்துப் போய் மாடத்தில் வைத்தேன். சூடம் காட்டினேன். பிஸ்கட் புடிங்கை முருகனுக்குப் படைத்தவள் இந்தத் தோட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, பெட்டிப் பாலா என்றும் கேட்கவில்லை. மகள் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, கை துடைக்கிற பூப்போட்ட சேவியட் பேப்பரில் வைத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். ரோஸ் நிறப் பூ. அவளே பார்த்துப் பார்த்து வாங்கியது.

நான்கு பேரும் வாங்கிக்கொண்டார்கள். அம்மாக்காரி கண்ணில் ஒற்றிக்கொண்டார். எவ்வளவு பக்தி! ஒற்றிக்கொண்ட கையோடேயே பேப்பரை நான்காக மடித்தார். "வீட்டுக்குப் போய் விளக்கு வச்சுட்டுச் சாப்பிடுறோம்" என்றார். அக்காவும் மடித்தாள். அப்பாவும் மடித்தார். பையன் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி அதையே பார்த்தான். பிறகு அவனும் மடித்தான்.

வேன் இறங்கிப் போனது. என் வீட்டுக்காரர், "கொண்டு போயிருக்காங்கல்ல, வீட்ல சாப்பிடுவாங்க" என்றார். மகள் மீதிப் புடிங்கை லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அவர்கள் தட்டை நக்கி முடித்துத்தான் விட்டார்கள்.

மறுநாள் காலையில் மகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாள். எனக்குப் பசறையில் மருந்து எடுக்க வேண்டியிருந்ததால் நானும் கூடவே இறங்கினேன். பஸ் பிடிக்கப் பெரிய பாதை வரைக்கும் நடக்க வேண்டும். கடைசி வளைவில், வேன் நின்று முனகுமே, அந்த இடத்தில், தேயிலைச் செடிக்குக் கீழே ரோஸ் நிறப் பூ தெரிந்தது. யாரோ பூ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் முதலில் பார்த்தேன்.

நான்கு சேவியட் பேப்பரும் அங்கேதான் கிடந்தன. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. பெரட்டுக்குப் போகிற பெண்கள், அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போகிறவர்கள், எங்களைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒருத்தி என் கூடவே கொழுந்தெடுத்தவள். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன்டி, இது உங்க வீட்டுப் புடிங்தானே? நேத்து எம் பேரன் வாயெல்லாம் பூசிக்கிட்டு வந்தானே, அதுதானே?"

"அதுதான்."

"யாரு இதக் கொண்டாந்து இங்க போட்டது?"

"விரதக்காரங்க," என்றாள் என் மகள்.

அவள் குனிந்து ஒவ்வொரு பேப்பராகக் குச்சியால் பிரித்தாள். சாமிக்கு வைத்ததாயிற்றே, காலில் மிதிபடக் கூடாது, மண்ணில் புதைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மூன்று துண்டும் அவள் வெட்டிக் கொடுத்த மாதிரியே இருந்தன. நான்காவது துண்டில் மட்டும் ஒரு ஓரம் இல்லை. எறும்பு தின்றதா என்று கிட்டப் பார்த்தோம். பல் பதிந்திருந்தது. ஒரே ஒரு கடி.

பக்கத்தில் ஒரு பேக்கரிப் பையும் கிடந்தது. உள்ளே மீன் ரோல்ஸின் நுனி. அது அவர்கள் போட்டதுதான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், பாதையில் யாரும் போட்டிருக்கலாம். ஆனால் எறும்புக்கு அன்றைக்குச் சைவமும் அசைவமும் ஒரே இடத்தில் கிடைத்தது.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் அந்த ஒரு கடியைப் பிடித்துக்கொண்டார். அவர் பாவம், மகளுக்கு ஒரு நல்லது நடக்காதா என்கிற ஏக்கம்.

"பாரு, பையன் சாப்பிட்டிருக்கான். நீதான சொன்ன, சாப்பிட்டா சரின்னு. வீட்டு ஆளுங்க எப்பிடியோ போகட்டும், பையன் நம்ம தண்ணிய வாயில வச்சிருக்கான்ல."

மகள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்கவில்லை என்றால் பேசுவாளே, அந்தக் குரலில் பேசினாள்.

"அப்பா, மத்த மூணு பேருக்கும் அது என்ன ருசின்னு தெரியாது. தெரியாம போட்டாங்க. இவனுக்குத் தெரியும். புடிச்சிருந்திருக்கு, அதான் வேன்ல ஒளிச்சு ஒரு கடி கடிச்சிருக்கான். அவங்கம்மா பாத்ததும் போட்டுட்டான். நாளைக்கு என்னயும் அப்பிடித்தான் போடுவான்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை. இந்த விஷயத்தில் உண்மையான விரதம் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

தரகர் ஒரு வாரம் கழித்துத் திரீவீலில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, காரியம் பழம்! அவங்களுக்குப் புள்ளைய ரொம்பப் புடிச்சிருச்சு. பதுளைக்கு மாத்தம் மட்டும் எடுத்துட்டா வர்ற தையிலயே வச்சிரலாங்கிறாங்க."

"புடிங் புடிச்சுதாமா அண்ணே?"

"அத ஏன் கேக்கிற. பெட்டிப் பால்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?"

மகள் உள்ளேயிருந்து வந்தாள். "மாமா, நான் அந்த வீட்டுக்குப் போனா நான் சமைக்கிறத அவங்க சாப்பிடுவாங்களா?"

"இதென்ன கேள்வி? தாராளமா சாப்பிடுவாங்க. அது அவங்க வீட்டுத் தண்ணி, அவங்க வீட்டு அடுப்பு. கல்யாணம் முடிஞ்சா நீ அவங்க வீட்டு ஆளுதானே. இங்க வந்து போற பழக்கத்த மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கிட்டா ஒரு பிரச்சினையும் இல்ல."

அந்த மனுஷன் இதை நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்குக் குமட்டியது. கெட்டவனாக இருந்திருந்தால்கூட மரியாதை வந்திருக்கும். என் மகளின் சம்பளம் அவர்களுக்குத் தீட்டில்லை, அவள் கை தீட்டில்லை, அவளைப் பெற்றவர்கள் குடிக்கிற தண்ணி மட்டும் தீட்டு. அதை வாய் கூசாமல் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் டீயைக் குடித்துக்கொண்டே சொல்கிறார். ஆமாம், அவர் மட்டும் எங்கள் வீட்டில் டீ குடிப்பார். இரண்டு கப்.

மகள் சொன்னாள்: "மாமா, அவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க. நான் விரதம் இருக்கேன்னு சொல்லுங்க. அந்த வீட்டுல எதுவும் தொட மாட்டேன், பையன் உட்பட."

தரகர் கப்பை வைத்துவிட்டு எழுந்தார். படியில் இறங்கும்போது, "வாய் ரொம்ப நீளம் தங்கச்சி, இப்பிடியே வச்சிருங்க புள்ளைய" என்றார். வைத்திருக்கிறோம். அவளுக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்று நான் எழுதப் போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் இந்தக் கதைக்கு அர்த்தம் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் அந்த வேனில் ஏறிப் போகலாம், இடம் இருக்கும்.

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தவள் இப்போது ஏன் எழுதினேன் என்றால், முந்தாநாள் ஒரு போன் வந்தது. பெரகலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிற ஒரு தாய். கதிர்காமத்து மடத்தில் பழக்கம். அவள் மகளுக்கும் புதிதாக அரசாங்க நியமனம் கிடைத்திருக்கிறது.

"அக்கா, உங்க மக பிஸ்கட் புடிங் நல்லா செய்வாளாமே? எப்பிடின்னு கொஞ்சம் சொல்லுங்களேன். ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்க வாறாங்க. பதுளை டவுன் ஆளுங்க, துணிக்கடை. தரகர் அடுப்பே மூட்டாதீங்கன்னுட்டாரு."

"பெட்டிப் பால் வாங்கச் சொன்னாரா?"

"ஆமாங்க அக்கா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அப்படியானால் அந்தப் பையன் இன்னும் பெண் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். தோட்டம் தோட்டமாகப் போய் ஒரு ஓரம் கடித்து ஒரு வளைவில் போட்டுவிட்டு வருகிறான் போல.

நான் அவளுக்கு முறையைச் சொன்னேன். பிஸ்கட்டை முக்கியவுடன் எடு, ஊற விடாதே. பட்டரை நன்றாக அடி. பாலுக்குப் பால்மா போதும், உங்கள் வீட்டுத் தண்ணியில் கரை. கேட்டால் உண்மையைச் சொல். சாமிக்கு வைத்துவிட்டுக் கொடு. அவர்கள் போன பிறகு மறக்காமல் கீழ் வளைவு வரைக்கும் ஒரு நடை நடந்து பார். அங்கே ஒன்றும் கிடக்கவில்லை என்றால் அவர்கள் திருந்திவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போது என்னைக் கூப்பிடு, நான் இதுவரை நினைத்ததற்கெல்லாம் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவள் இன்னும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளை வைத்திருக்கிற வீடுகளுக்கு இதைச் சொல்லுங்கள், போனில் அனுப்புங்கள், கோயிலில் உட்கார்ந்து பேசும்போது வாசித்துக் காட்டுங்கள். ஆனால் நான் எழுதியது போலவே கொடுங்கள். பெயர் எதையும் கண்டுபிடித்துச் சேர்க்காதீர்கள், நான் வேண்டுமென்றேதான் போடவில்லை. திட்டு சேர்க்காதீர்கள், எனக்குத் தேவையான அளவு நானே திட்டிவிட்டேன். பாவம் பார்த்து எதையும் குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக அந்த ஒரு கடியை விட்டுவிடாதீர்கள்.